விட்டால் நிற்கும் கயிறு

தம்பிமுத்து தன் அறுபத்துமூன்று வயதுக்குள் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அகதி விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், மகனின் பள்ளிக்கூடச் சுற்றுலாப் படிவம், வேலைத்தலத்துப் பாதுகாப்பு விதிகள், கோயில் நிர்வாக சபைக்கு எதிரான ஒரு மனு, அடுத்த மாதம் அதே சபைக்கு ஆதரவான இன்னொரு மனு. முக்கால்வாசியை அவர் வாசித்ததே இல்லை. விரல் காட்டிய இடத்தில் போட்டார். போட மாட்டேன் என்று அவர் சொன்னது ஒரே ஒரு தாளுக்குத்தான். அதில் இருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியில் பொய்யென்று ஒரு சொல்கூட இருக்கவில்லை.

திருகோணமலையில் இருந்து இருபத்தாறு வயதில் மொன்ட்ரியாலுக்கு வந்தவர். செயின்ட்-மிஷேலில் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினொரு வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்தார். தொழிற்சாலை பூட்டுப்பட்டது. ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினார். அந்தக் கடையும் பூட்டுப்பட்டது. பிறகு ஒரு துப்புரவு நிறுவனம் அவரைத் தீவின் மேற்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நிற்கிற பழைய காற்றாலை ஒன்றுக்கு அனுப்பியது. "இதாவது பூட்டுப்படாம இருந்தாச் சரி" என்றார் மனைவி யோகமலர். அது பூட்டுப்படவில்லை. பதினெட்டு வருடம் கழித்து இவரை வெளியே விட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்கள்.

காற்றாலை என்றதும் வயல்வெளியில் வெள்ளைத் தூண்களாக நின்று மின்சாரம் எடுக்கும் சாமானை நினைக்க வேண்டாம். இது கல்லால் கட்டிய வட்டக் கோபுரம். முந்நூறு வருடத்துக்கு முந்தி பிரெஞ்சுக்காரர் கோதுமை அரைத்த மில். ஒரு மரபுரிமை அறக்கட்டளை அதைப் பராமரித்து, கோடையில் ஆட்களுக்குக் காட்டியது. தம்பிமுத்துவின் வேலை நிலம் கூட்டுவது, கழிப்பறை கழுவுவது, மாரியில் வாசல் பனியை வழிப்பது. அவ்வளவோடு நின்றிருந்தால் இன்றைக்கும் அவர் அங்கே கூட்டிக்கொண்டிருப்பார். ஆனால் ஊரில் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்த கை அது. சும்மா கிடக்கிற சக்கரத்தைக் கண்டால் அதற்கு எண்ணெய் வைக்காமல் போகத் தெரியாது.

முதல் இரண்டு வருடத்திலேயே மில்லின் அடி நுனி எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்பார். நாலு இறக்கை. ஒவ்வொன்றும் ஏணி மாதிரி ஒரு மரச்சட்டம். அதில் ஏறிப் பாய்த்துணியை விரித்தால்தான் காற்றுப் பிடிக்கும். நாலும் ஒரு பெரிய ஓக் மரத் தண்டில் பூட்டியிருக்கும். தண்டு கூரைக்குள் சற்றுச் சரிந்து கிடக்கும். அதன் நடுவில் ஆளை விட உயரமான ஒரு பல்லுச் சக்கரம். அதன் மரப்பற்கள், கூண்டு மாதிரி இருக்கிற ஒரு சின்ன உருளையின் கம்புகளுக்கு இடையில் விழும். காற்றுக்கு முகம் கொடுத்துச் சுழன்ற சுழற்சி அந்த இடத்தில் திரும்பி, நிமிர்ந்த இரும்புத் தண்டு வழியாகக் கீழே இறங்கும். சக்கரத்தில் அறுபது பல், உருளையில் பத்துக் கம்பு. இறக்கை ஒரு சுற்று வர, கீழே மேற்கல் ஆறு சுற்று வரும். கீழ்க்கல் அசையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் போகிற இடைவெளி; மாவு அங்கேதான்.

கல்லுக்கு மேலே கோதுமைத் தொட்டி. தொட்டிக்குக் கீழே சாய்வான ஒரு மரத்தட்டு. கல்லோடு சுழல்கிற இரும்புக் கட்டையொன்று அந்தத் தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். கல் வேகமானால் தட்டுவதும் வேகமாகும், கோதுமை கூட விழும். கல்லின் வேகம் ஆறினால் கோதுமையும் குறையும். "அந்த மில்லில அறிவுள்ள சாமான் அது ஒண்டுதான்" என்று யோகமலரிடம் சொல்வார். "ஆக்களையும் சேத்துத்தான் சொல்லுறன்."

கூரை முழுவதுமே திரும்பும். அதன் பின்பக்கத்தில் இருந்து ஒரு நீண்ட வால் மரம் நிலம்வரைக்கும் இறங்கும். அதைத் தோள் கொடுத்துத் தள்ளி, இறக்கைகளின் முகத்தைக் காற்றுக்குத் திருப்ப வேண்டும். முதுகில் காற்று அடித்தால் கூரையே கழன்று போகும். இதையெல்லாம் விட முக்கியம் பிறேக். பல்லுச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி மரக்கட்டைகளால் ஆன ஒரு வளையம். வளையத்தின் நுனி ஒரு பாரமான உத்தரத்தில் கொழுவியிருக்கும். உத்தரம் தன் பாரத்தில் இறங்கினால் வளையம் இறுகும், மில் நிற்கும். கயிற்றை இழுத்து உத்தரத்தைத் தூக்கினால் வளையம் தளரும், மில் ஓடும்.

அதாவது, இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். இது மனிதக் கைக்கு நேர்மாறு. பயம் வந்தால் மனிதன் பிடியை இறுக்குவானே தவிர விடமாட்டான். அரைகுறையாகப் பிடித்தாலோ இன்னும் மோசம். கட்டைகள் சக்கரத்தை நிறுத்தவும் மாட்டா, விடவும் மாட்டா. மரத்தோடு மரம் தேய்ந்து புகையும். பிறகு எரியும். அதனால் காற்று ஏறினால் முதலில் கோதுமையைக் கூட்டிக் கல்லுக்குப் பாரம் கொடுக்க வேண்டும், வால் மரத்தைத் தள்ளி முகத்தை விலக்க வேண்டும், பிறகு ஒரே விடுகையாகக் கயிற்றை விட வேண்டும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் ஆள் இல்லாத நாளாகப் பார்த்து மில்லை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் பதினெட்டு வருடமும் கயிறு தம்பிமுத்துவின் கையில்தான். ஆனால் சம்பளச் சீட்டில் அவர் துப்புரவாளர்.

வருடத்துக்கு ஒரு நாள் அவர் மில்லுக்கு ஒரு காரியம் செய்வார். விஜயதசமி அன்று வேலைக்குப் போகும்போது சந்தனமும் குங்குமமும் கொண்டுபோய், பல்லுச் சக்கரத்துக்கு ஒரு பொட்டு, கல்லுக்கு ஒரு பொட்டு, கூட்டுகிற தும்புத்தடிக்கும் வாளிக்கும் ஆளுக்கொரு பொட்டு வைப்பார். தொழில் செய்கிற சாமானுக்குப் பொட்டு வைக்காத வருடம் அவருக்கு வருடமாகத் தெரியாது. கற்பூரம் மட்டும் வெளியே, வாசல் படலையடியில், புல்லில்லாத இடமாகப் பார்த்துத்தான். உள்ளே மாவுத்தூள், மரத்தூள், காய்ந்த குருவிக்கூடு. நெருப்புக் கூடாது என்று மில் வாசலில் தொங்கிய பலகையை அங்கே ஆணி அடித்துக் கொழுவியவரே அவர்தான்.

கெட்ட காலம், ஒரு வருடம் அந்தப் பொட்டை அறக்கட்டளையின் பணிப்பாளர் லிசெட் கண்டுவிட்டார். நல்ல மனுசி. நல்ல மனுசர் செய்கிற கெடுதல்தான் தாங்க முடியாது. அவர் அந்தப் பொட்டைப் படம் எடுத்தார், கண் கலங்கினார், தம்பிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் மெர்சி என்று நன்றி சொன்னார். அடுத்த வருடம் அறுவடைத் திருநாளில் மில் பொதுமக்கள் முன்னால் மாவரைக்கும் என்றும், தம்பிமுத்து தன் நாட்டு உடையில் அதற்குப் பூசை செய்வார் என்றும் அறிவிப்பு வந்தது. தமிழர் பண்பாட்டுச் சங்கத்துக் கஜீவனுக்கு இந்தச் சேதி மணந்துவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்கிற ஆள் அவன். ஒலிபெருக்கி, நாதஸ்வர இசை, பதாகை, நேரலைக்கு இரண்டு கமெராக்காரர் எல்லாவற்றோடும் வந்து நின்றான்.

தம்பிமுத்து லிசெட்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பூசை செய்யிறன். ஆனா மில் ஓடேக்க கயிறு என்ர கையில இருக்க வேணும்." இதை அவர் தன் ஓட்டைப் பிரெஞ்சில் மூன்று விதமாகச் சொன்னார்.

லிசெட்டுக்கு விளங்கியது. விளங்கித்தான் சிரித்தார். "நீங்கள் இந்த விழாவின் முகம். கயிற்றை றெஜான் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சான்றிதழ் இருக்கிறது."

றெஜான் ஓய்வுபெற்ற பொறியியலாளர், தொண்டர். மில்லோட்டுவதற்கு மூன்று நாள் வகுப்புக்குப் போய்ச் சட்டம் போட்ட சான்றிதழ் வாங்கி வந்தவர். மரியாதையான மனிதர், தம்பிமுத்துவைக் கண்டால் எப்போதும் முதலில் பொன்ஜூர் சொல்வார். பதினெட்டு வருடத்தை மூன்று நாள் வென்றுவிட்டது. பிறேக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன, அன்றைக்குப் பின்னேரம் காற்றுத் திரும்புமாம், இரண்டு இறக்கைக்கு மட்டும் துணி விரித்தால் போதும் என்று தம்பிமுத்து சொன்னதையெல்லாம் லிசெட் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதே அவர்களுடைய பதில் என்பது இந்த நாட்டில் நெடுநாள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

திருநாளன்று வெயில் எறித்தது, ஆனால் குளிர். வேட்டிக்குள் தடித்த உட்காற்சட்டை போட்டுக்கொண்டு, மேலே சால்வையும் போர்த்து, கையில் கற்பூரத் தட்டோடு தம்பிமுத்து மில்லுக்கு எதிரே ஒரு மேடையில் நின்றார். இருநூறு பேர் இருப்பார்கள். நாலு இறக்கைக்கும் முழுத் துணி விரித்திருந்தார்கள். படத்துக்கு அதுதான் வடிவாம். றெஜான் மேலே மூன்றாம் தட்டில், கூரைக்குக் கீழே, நின்று கயிற்றை இழுத்தார். மில் ஒரு முனகலோடு சுழலத் தொடங்கியது. சனம் கைதட்டியது. கஜீவன் நாதஸ்வரத்தைக் கூட்டினான்.

தம்பிமுத்து கற்பூரத்தைக் கொளுத்தி முதல் சுற்றுக் காட்டும்போதே ஆற்றைப் பார்த்தார். வடமேற்கில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பிவிட்டது. இறக்கைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணுகிற வேகத்தில் இறக்கை நுனி நிலத்தைத் தாண்டினால் அளவு. எண்ண முடியவில்லை. சனத்துக்கு வேகம் பிடித்துப்போய் இன்னும் பலமாகக் கைதட்டியது.

"கயித்த விடுங்கோ" என்று கத்தினார். பிரெஞ்சு அந்த நேரம் பார்த்து வாய்க்கு வரவில்லை. "விடுங்கோ, விடுங்கோ, கயித்த விடுங்கோ."

லிசெட் நெஞ்சில் கை வைத்து உருகிப்போய் நின்றார். அது மந்திரம் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஜீவனுக்குத் தமிழ் தெரியும். அவன் குனிந்தபடி மேடையடிக்கு ஓடிவந்தான்.

"அண்ணை, மந்திரத்த மட்டும் சொல்லுங்கோ. லைவ் போகுது."

"டேய், பிறேக் எரியப் போகுதடா."

"அஞ்சு நிமிசம் அண்ணை. முடியட்டும்."

அப்போதுதான் மணம் வந்தது. காய்ந்த மேப்பிள் மரம் தேய்ந்து கருகும் மணம். கூரை ஓரத்தில் மெல்லியதாகப் புகை. கமெரா இரண்டும் தம்பிமுத்துவின் முகத்தில் இருந்தன. கூரையை யாரும் பார்க்கவில்லை. அவர் மேடையில் இருந்து குதித்து மில்லுக்குள் ஓடினார். ஓடும்போது கையில் தட்டு இருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

ஏன் அதைக் கீழே போடவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பிரெஞ்சில் கேட்டவர்களுக்கு அவரால் விளக்க முடியவில்லை; தமிழில் கேட்டவர்களுக்கு விளக்கமே தேவையில்லை, இருந்தும் கேட்டார்கள். எரிகிற கற்பூரத்தை வெறும் நிலத்தில் வைப்பதில்லை. வாயால் ஊதி அணைப்பதில்லை. எறிவது என்பதை நினைத்தும் பார்ப்பதில்லை. வீடு இடிந்து விழுந்தாலும் கை அதைச் செய்யாது. அறுபது வருடம் பழகிய கை. மில் வாசலுக்கு உள்ளே, காட்சிக்காகப் போட்டிருந்த உடைந்த பழைய அரைகல் ஒன்று கிடந்தது. சுற்றிவரக் கல் நிலம். தட்டை அதன் மேல் வைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மேலே றெஜான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது. மில் வேகமெடுக்க எடுக்க, நிறுத்துவதாக எண்ணிக்கொண்டு அவர் இன்னும் பலமாகப் பிடித்தார். இழுக்கவும் பலமில்லை, விடவும் மனமில்லை. உத்தரம் பாதி ஏறி, பாதி இறங்கி, கட்டைகள் சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தன. வளையத்துக்குள்ளே சிவப்பாகத் தெரிந்தது. தம்பிமுத்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கயிறு போனது. உத்தரம் விழுந்தது. மில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஆனால் நெருப்பு அதற்குள் குருவிக்கூட்டைப் பிடித்துவிட்டது. அந்த மனிதரை முன்னால் இறக்கிவிட்டுப் பின்னால் இவர் இறங்கினார். தீயணைப்புப் படை வருவதற்குள் கூரையில் பாதி போய்விட்டது.

வெளியே வரும்போது அரைகல்லின் மேல் இருந்த தட்டைப் பார்த்தார். கற்பூரம் தானாக எரிந்து முடிந்திருந்தது. தட்டு வெறுமையாக இருந்தது. கற்பூரம் எரிந்தால் சாம்பல்கூட மிஞ்சாது. சாட்சி சொல்ல வராது.

நேரலையில் எல்லோரும் பார்த்தது இதுதான்: ஒரு கறுத்த மனிதர் வேட்டியோடு, எரிகிற தட்டோடு, ஏதோ கத்திக்கொண்டு மில்லுக்குள் ஓடுகிறார். கமெரா மெல்ல மேலே போகிறது. கூரையில் இருந்து புகை வருகிறது. பார்த்தவர்களைக் குறை சொல்லி என்ன, தம்பிமுத்துவே அதைப் பார்த்தால் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மூன்று கிழமை கழித்து ஒரு அறையில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். லிசெட், காப்புறுதிக்காரர் ஒருவர், எழுதுவதற்கு ஒரு பெண். தாளை நீட்டினார்கள். அந்த ஒரு வரி இதுதான்: நிகழ்வின்போது எரியும் நெருப்பை நான் ஆலைக்குள் கொண்டு சென்றேன்.

தம்பிமுத்து முதல் தடவையாக ஒரு தாளை முழுவதும் வாசித்தார். பிறகு கேட்டார்: "இன்னொரு வரி போடலாமோ? நெருப்புப் பிடிச்சது மேல மூண்டாம் தட்டில, பிறேக்கில. நான் தட்டு வைச்சது கீழ, கல்லுக்கு மேல."

தொழில்நுட்ப விடயங்கள் வேறு அறிக்கையில் வரும் என்றார் காப்புறுதிக்காரர். மேலே ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்டார் தம்பிமுத்து. ஏணி எரிந்துவிட்டது, ஏறுவதற்கு அனுமதி இல்லை என்றார்கள். பிறேக் கட்டையாவது எங்கே? இடிபாட்டோடு அள்ளிப் போயாகிவிட்டதாம். கருகல் வளையத்தின் உட்பக்கம் மட்டும் சுற்றிவர இருக்கும், அதைப் பார்த்தால் ஒரு ஃபிட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. றெஜானுடைய வாக்குமூலத்தை மட்டும் வாசித்துக் காட்டினார்கள். தான் கயிற்றை ஒரு கணம்கூட விடவில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

அதுவும் உண்மை. மில்லை எரித்ததே அந்த உண்மைதான். தம்பிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது பிழையாகப் போய்விட்டது. எழுதுகிற பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டால் இது இத்தோடு முடிந்துவிடும்" என்றார் லிசெட் மெல்லிய குரலில். "யாரும் உங்கள் மேல் கோபமாக இல்லை. உங்கள் வேலை இருக்கும். நீங்கள் எங்கள் குடும்பம்."

"வரி உண்மைதான், மடாம்" என்றார் தம்பிமுத்து. "அதுதான் போடமாட்டன்."

அன்று பின்னேரம் பஸ்ஸில் பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டுக்குத் திரும்பினார். மகன் நிரூபனின் வீட்டில்தான் தம்பிமுத்துவும் யோகமலரும் இருந்தார்கள். நிரூபன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டான்.

"ஒரு கையெழுத்துத்தானே அப்பா. நீங்கள் கொண்டுபோனது உண்மைதானே."

"மில்ல ஆர் எரிச்சது?"

"அத ஆர் இப்ப கேட்டது? போட்டுட்டு விடுங்கோவன். என்ர வேலையிடத்தில எல்லாரும் அந்த வீடியோவப் பாத்திட்டாங்கள். அது என்ர அப்பா எண்டு நான் சொல்லேல்ல."

மகன் சொல்லாமல் விட்டதும் உண்மையை மறைத்ததாக ஆகாதுதான். அந்தக் கிழமை இந்த ஊரில் எல்லோரும் உண்மையே பேசினார்கள். கற்பூரத்தை உள்ளே கொண்டுபோவது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று கஜீவன் சங்கத்தின் கடிதத்தாளில் எழுதிக்கொடுத்தான், நிரலில் இல்லைதான். கோயிலில் ஒருவர், மனுசன் அந்தக் கிழமை மீன் சாப்பிட்டவர், அம்பாள் சும்மா விடுவாளோ என்றார்; சாப்பிட்டவர்தான். பாவம் ஒருபக்கம், பழி ஒருபக்கம் என்று யோகமலர் மட்டும் அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அடுப்படியில் நின்று சொல்வதை யார் எழுதுவது?

வேலை போனது. நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றார்கள். மாரி முடிகிற நேரம் ஒருநாள் றெஜான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு டின் மேப்பிள் பாகு. கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது. தேத்தண்ணி குடித்தார். மன்னிக்க வேணும் என்றார், கண் கலங்கித்தான் சொன்னார். தம்பிமுத்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். மனுசன் தாளைப் பார்த்தார், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார், மனைவி காரில் காத்திருக்கிறாள் என்று எழும்பிவிட்டார். அந்தப் பாகு டின்னைக் குப்பையில் போடச் சொன்னார் தம்பிமுத்து. "தின்னுற சாமானில என்ன கோபம்" என்று யோகமலர் அதை அலுமாரிக்குள் வைத்தார்.

அதன் பிறகு அவருக்கு இருந்தது ஒரே உத்தியோகம். நிரூபனின் மகள் தக்ஷினியைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது. இப்போது ஒன்பது வயது. மில் எரிந்தபோது ஏழு. வீடியோவை அவள் பார்க்கவில்லை. அப்பப்பா எங்கே வேலை செய்தார் என்பதைப் பற்றி வீட்டில் கதைக்கக் கூடாது என்று நிரூபன் சொல்லிவைத்திருந்தான். அப்பப்பாவின் வேலை என்றால் அவளுக்குக் கூட்டிக் கழுவுவது, அவ்வளவுதான். தம்பிமுத்துவுக்கு அதில் வருத்தம் இருந்தாலும், ஒரு நிம்மதியும் இருந்தது. இந்த உலகத்தில் அவரைத் தட்டோடு ஓடிய மனிதராகக் காணாத ஒரு ஆள் அவள்தான். கையெழுத்துப் போடாத அந்தத் தாள் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே சொத்து. காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

மில்லைத் திருத்தித் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. இறக்கைகளை இரும்பால் பூட்டிவிட்டார்களாம், கல்லை ஒரு மின்மோட்டார் சுழற்றுமாம். காற்றுக்கு இனி அங்கே வேலை இல்லை.

மே மாதம் ஒரு பின்னேரம். தக்ஷினி சாப்பாட்டு மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் றொட்டி, அதன் மேல் அந்த டின்னில் இருந்த பாகு. தம்பிமுத்து எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தார். தாளைத் தலைகீழாகவே பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். கல் கோபுரம், நாலு இறக்கை, வெட்டிக் காட்டிய உட்பக்கம். பத்து அம்புக்குறி.

"இண்டைக்கு மூலான் பாக்கப் போனனாங்கள் அப்பப்பா" என்றாள். காற்றாலைக்கு அவளிடம் தமிழ்ச் சொல் இல்லை. "பேர் எல்லாம் எழுத வேணும். எனக்கு ஒம்பது தெரியும்."

"எது தெரியேல்ல?"

அவள் பென்சிலால் காட்டினாள். சக்கரத்தைச் சுற்றியிருந்த வளையம்.

"பிறேக்" என்றார். பிறகு அதற்குரிய பிரெஞ்சுச் சொல்லையும் சொல்லி, எழுத்துக்கூட்டிக் கொடுத்தார். "சக்கரத்தையும் கூண்டையும் மாத்தி எழுதியிருக்கிறாய். பெரிசுதான் சக்கரம். கூண்டு கம்பு வைச்ச சின்னது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"யூடியூப்பில பாத்தனான்."

அவள் அழித்து எழுதினாள். தாளைத் திருப்பி அவர் பக்கமாகத் தள்ளினாள். பத்துச் சொல்லும் சரி. கீழே பதினோராவதாக ஒரு கேள்வி இருந்தது: கூரை ஏன் எரிந்தது? அதற்கு நேரே அவளுடைய உருண்டையான எழுத்தில் பிரெஞ்சில் ஒரு வரி. ஒரு ஐயா எரியும் நெருப்பை ஆலைக்குள் கொண்டு சென்றார்.

"இது ஆர் சொன்னது?"

"அங்க காட்டின அக்கா. ஒரு மொசியர் தன்ர சாமிக்கு எண்டு நெருப்புக் கொண்டு உள்ள ஓடினவராம். எல்லாம் மரமாம், தெரியாதாம் அவருக்கு. எல்லாரும் சிரிச்சவை." அவள் றொட்டியைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நானும் சிரிச்சன்."

யோகமலர் அடுப்படியில் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார்.

தம்பிமுத்துவுக்கு வாய்வரைக்கும் வந்தது. கயிற்றைப் பற்றி, உத்தரத்தைப் பற்றி, உள்ளே சிவந்த வளையத்தைப் பற்றி, பதினெட்டு வருடத்தைப் பற்றி. இவள் ஒருத்திக்குச் சொன்னால் போதும் போல இருந்தது. இவள் நம்புவாள். நம்பி, நாளைக்கு வகுப்பில் எழும்பி நின்று, அது என்னுடைய அப்பப்பா என்று சொல்லுவாள். சிரித்த பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி இவளைப் பார்ப்பார்கள்.

"நீங்கள் அங்க போயிருக்கிறீங்களோ அப்பப்பா?"

"இல்லை" என்றார்.

"சரி, இதில சைன் வைக்க வேணும். அம்மா அப்பா வரப் பிந்தும். எல்லாம் சரி எண்டு பெரியாக்கள் பாத்து வைக்கட்டாம்."

பேனையை நீட்டினாள். தம்பிமுத்து தாளை மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்தார். பிறகு, கேள்வி பதினொன்றுக்குக் கீழே, அவள் விரல் காட்டிய இடத்தில், தன் பெயரை முழுவதுமாகத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லாம் சரியோ?" என்று கேட்டாள் தக்ஷினி.

"ஓம்" என்றார். "எல்லாம் சரி."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மிச்ச றொட்டிக்கு இன்னும் கொஞ்சம் பாகு கேட்டாள். அவர் எழும்பிப்போய் எடுத்து வந்து ஊற்றினார்.